தஞ்சாவூர்க்காரியை ஆந்திராவுக்கு அனுப்பியது யார்?

2024 ஆகஸ்ட்டில் 'மணிச்சித்திரத்தாழு' 4கே பிரதியாக மெருகேற்றப்பட்டு மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. 1993 டிசம்பரில் வெளியான மலையாளப் படம். எந்தக் காட்சியில் கதவு திறக்கும், எப்போது சலங்கைச் சத்தம் கேட்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள். கூடவே பழைய வழக்கும் கிளம்பியது: ஷோபனாவா, ஜோதிகாவா? மோகன்லாலா, ரஜினியா? ஃபாசிலின் மூலப் படமா, பி.வாசுவின் 'சந்திரமுகி'யா?

இந்தச் சண்டையில் யாரும் கிளப்பாத கேள்வி ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறது. மலையாளப் படத்தில் தெக்கினி அறையில் பூட்டி வைக்கப்பட்டு, துர்க்காஷ்டமி இரவில் கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி எந்த ஊர்? தஞ்சாவூர். மாடம்பள்ளிக் குடும்பத் தலைவர் சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த ஆட்டக்காரி அவள். அதே கதை தமிழுக்கு வந்தபோது நாகவல்லி சந்திரமுகி ஆனாள், சங்கரன் தம்பி வேட்டையன் ஆனார். ஆட்டக்காரியின் ஊர் மட்டும் ஆந்திரத்துக்குப் போய்விட்டது. சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வெளியூர்க்காரி ஆக்கிய கதை இது.

காரணம் புரியாததல்ல. திரைக்கதை எழுதிய மது முட்டம் மலையாளக் கதையின் பயத்தை மொழியில் வைத்திருந்தார். மலையாளம் பேசும் வீட்டில், மலையாளம் மட்டுமே பேசி வந்த கதாநாயகி கங்கா திடீரென்று தமிழில் பேச ஆரம்பிக்கிறாள். அதுவும் இன்றைய தமிழ் அல்ல, எவளோ ஒருத்தியின் பழைய ஆங்காரத் தமிழ். கண்ணை உருட்டுவது, தலைமுடி விரிவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எடுத்தபோதும் மறு வருஷம் 'சந்திரமுகி' எடுத்தபோதும் பேய் தெலுங்கு பேசியது. இந்தியில் பிரியதர்ஷன் எடுத்த 'பூல் புலையா' (2007) படத்தில் மஞ்சுலிகா வங்காளத்துக்காரி. ஆக, எந்த மொழியில் எடுத்தாலும் பேய் பக்கத்து வீட்டு மொழி பேச வேண்டும் என்பது இந்தக் கதையின் சட்டம். தமிழ்ப் படத்தில் தமிழ் பேசினால் அவளும் நம்ம பிள்ளை ஆகிவிடுவாள், யாருக்கும் குலை நடுங்காது.

மலையாளப் படத்துக்குள் தமிழ் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நாகவல்லி ஆடும் பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் ஸ்ரீரங்கத்து வாலி. நாகவல்லியாக மாறிய கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். கங்காவுக்குக் குரல் கொடுத்த பாக்கியலட்சுமியே நாகவல்லிக்கும் பேசினார் என்று கேரளமே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தது. 2016-ல் ஃபாசில் எழுதித்தான் உண்மை வெளியே வந்தது. மாடம்பள்ளி மாளிகையாக நாம் பார்த்ததில் ஒரு பகுதி திருப்பூணித்துறை ஹில் பேலஸ், இன்னொரு பகுதி தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. கேரள அரசு பராமரித்தாலும் அது நிற்கும் மண் கன்னியாகுமரி மாவட்டம். இசையமைப்பாளர் எம்.ஜி.ராதாகிருஷ்ணன் இந்தப் படத்துக்காக ஆகிரி ராகத்தைக் கையில் எடுத்தார். காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று கச்சேரிக்காரர்கள் பயந்து ஒதுக்கிய ராகம் அது. பேய்ப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சங்கதி அமையாது.

குதிரையேறி வந்த கதாநாயகன்

'சந்திரமுகி' 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று வெளியானது. முந்தைய படமான 'பாபா' கைவிட்டு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். ரஜினி ஒரு வெற்றியைத் தேடிக்கொண்டிருந்தார். அதனால்தான் மலையாளத்தில் ஏறக்குறைய பாதிப் படம் ஓடிய பிறகு நிதானமாக வந்து சேரும் மனநல மருத்துவர் டாக்டர் சன்னி, தமிழில் முதல் ரீலிலேயே சண்டை போட்டுக்கொண்டு வருகிறார். அறிமுகப் பாட்டு உண்டு, வடிவேலுவோடு மாடிப்படிக் கலாட்டா உண்டு, நயன்தாரா உண்டு. கங்காவின் குழந்தைப் பருவம், அவள் தனிமை, கணவனின் அலட்சியம் என்று மூலக்கதை பொறுமையாகப் பின்னியதெல்லாம் சுருங்கிப்போனது. மலையாளப் படத்தின் ரசிகர்கள் இருபது வருஷமாக வைக்கும் குற்றச்சாட்டு இதுதான், அதில் நியாயம் இருக்கிறது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படத்தை வெறும் ரஜினி மோகம் என்று தள்ளிவிட முடியாது. வேட்டையனாக ரஜினியே வந்து அந்த 'லகலக' சிரிப்பைச் சிரித்ததில் கதாநாயகனும் கொடுங்கோலனும் ஒரே முகத்தில் தெரிந்தார்கள். மூலப் படத்தில் இல்லாத துணிச்சல் அது. ஜோதிகாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஷோபனா பிறவி நாட்டியக்காரி, அந்த வேடத்துக்காகவே தேசிய விருது வாங்கியவர். ஜோதிகாவிடம் அந்த நாட்டியப் பயிற்சி கிடையாது. ஆனால் கட்டிலை ஒரு கையால் தூக்கும் காட்சியில் அவர் பார்த்த பார்வைக்கு அபிநய இலக்கணம் தேவைப்படவில்லை.

படத்தைத் தயாரித்தது சிவாஜி புரொடக்ஷன்ஸ். சிவாஜி கணேசன் குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூரை ஒட்டிய சூரக்கோட்டை. தஞ்சாவூர் மண்ணோடு தொப்புள்கொடி உறவுள்ள ஒரு நிறுவனத்தின் படத்தில்தான் தஞ்சாவூர்க்காரி ஊரைப் பறிகொடுத்தாள்.

தெலுங்கு பேசிய தஞ்சாவூர்

வேடிக்கை என்னவென்றால், அவளை ஆந்திரத்துக்கு அனுப்பியிருக்கவே வேண்டாம். பழைய தஞ்சாவூர் அரண்மனை ஆட்டக்காரி தெலுங்கில் பாடுவதைப்போல் இயல்பான காரியம் வேறில்லை.

1530-கள் முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர்களின் சபை மொழி தெலுங்கு. விஜயராகவ நாயக்கர் காலத்தில் அரண்மனைப் பெண்களே தெலுங்கில் காவியமும் நாடகமும் எழுதினார்கள். 'மன்னாரு தாச விலாசம்' எழுதிய ரங்காஜம்மா அவர்களில் ஒருத்தி. பதங்களுக்குப் பேர்போன க்ஷேத்ரக்ஞர் வந்து பாடிய சபையும் இதுதான் என்பார்கள். 1676-ல் மராட்டியர் வந்தார்கள், அரண்மனையில் மராத்தி பேசினார்கள், ஆனால் பாட்டும் ஆட்டமும் பெரும்பாலும் தெலுங்கிலேயே தொடர்ந்தன. திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்த தியாகராஜரின் கீர்த்தனைகள் எந்த மொழி என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாபநாசம் பக்கத்து மெலட்டூரில் இன்றைக்கும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி விடியவிடிய நடக்கும் பாகவத மேளாவில் வேங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களைத்தான் போடுகிறார்கள். வயலுக்கு நடுவே, தமிழ் பேசும் ஊரில், ஆண்களே பெண் வேடம் கட்டித் தெலுங்கில் அழுது சிரிக்கிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு அது வேற்றூர் சமாசாரமாகத் தோன்றுவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் முத்துப்பழனி இருக்கிறாள். மராட்டிய மன்னன் பிரதாபசிம்மன் (1739–1763) சபையில் இருந்த கணிகை. பாட்டி தஞ்சநாயகியும் கணிகைதான். 'ராதிகா சாந்தவனமு' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினாள். தான் வளர்த்த பெண்ணைக் கிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு பொறாமையில் வேகும் ராதையின் கதை. பெண்ணின் ஆசையைப் பெண்ணே ஒளிவுமறைவில்லாமல் எழுதியது பின்னால் வந்த கனவான்களுக்குப் பொறுக்கவில்லை. சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலு அதைக் கடுமையாகத் திட்டினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் அந்நூலைச் சீர்படுத்தி அச்சில் கொண்டுவந்து, வீரேசலிங்கத்துக்கும் சுடச்சுடப் பதில் சொன்னார். பிரிட்டிஷ் அரசு புத்தகத்துக்குத் தடை போட்டது. தடை நீங்கியது 1947-ல். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான் இவர். சமாதிக்கு எதிரே அவர் சிலை இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

தடை செய்யப்பட்ட புத்தகம், பொறாமையில் வேகும் பெண், அரண்மனை ஆட்டக்காரி, தெலுங்குப் பாட்டு. ஒரு பேய்ப் படத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வித்யாசாகர் இசையில் புவனசந்திரா எழுதிய அந்த 'ரா ரா' பாட்டைத் தஞ்சாவூர் அரண்மனையின் சங்கீத மகாலிலேயே பாட வைத்திருக்கலாம். மொழி மாறியிருக்கும், ஊர் மாறியிருக்காது.

மூல ஆசிரியரின் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் நாகவல்லிக்குத் தமிழ் கொடுத்ததும் தப்பில்லை. மராட்டிய ஷாஹஜி காலத்திலேயே இங்கே தமிழில் குறவஞ்சி உண்டு. தஞ்சாவூர் ஆட்டக்காரிக்கு இரண்டு மொழியும் வாயில் இருந்தன. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதி தமிழ்ப் படத்துக்குத்தான் அதிகமாக இருந்தது. அதைத்தான் பயன்படுத்தவில்லை.

திருவனந்தபுரத்துக்குப் போன பாதை

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆட்டக்காரி மலையாள நாட்டுக்குப் போனாள் என்பது வெறும் கற்பனையுமல்ல. சுவாதித் திருநாள் மகாராஜா (1829–1846) காலத்தில் தஞ்சைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே கலைஞர்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள். தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் கடைசித் தம்பி வடிவேலு இரண்டாம் சரபோஜியின் சபையை விட்டு அங்கேதான் போனார். பிடிலைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். 1834-ல் மகாராஜா அவருக்குத் தந்தப் பிடில் பரிசளித்தார். இன்று மோகினியாட்டத்துக்கு இருக்கும் உருவத்தில் அவருடைய கைவண்ணம் உண்டு என்று நாட்டிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அதே சபைக்குத் தஞ்சாவூரிலிருந்து சுகந்தவல்லி என்ற நாட்டியக்காரியும் போனதாகவும், ராஜா அவள்மீது மனதைப் பறிகொடுத்ததாகவும் சொல்கிறார்கள். லெனின் ராஜேந்திரன் 1987-ல் எடுத்த 'சுவாதித் திருநாள்' படத்தில் அவள் ஒரு பாத்திரம். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 'தஞ்சாவூர் அம்மவீடு' என்ற பெயரிலேயே ஒரு பழைய மாளிகை இருக்கிறது. மணிச்சித்திரத்தாழுவின் பயம் மலையாளிகளுக்கு ஏன் அவ்வளவு சுலபமாக நம்பும்படி இருந்தது என்பதற்கு இந்த வீடும் ஒரு காரணம். தஞ்சாவூர் ஆட்டக்காரி என்றதும் அவர்கள் ஞாபகத்தில் ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தாள். வேட்டையபுரம் அரண்மனை என்றதும் நம் ஞாபகத்தில் யார் வந்தார்கள்? யாரும் வரவில்லை. அந்த ஊரே படத்துக்காகப் பிறந்த ஊர்.

ஊர் பேர் தெரியாத ஆட்டக்காரிகளுக்கு இந்த மண்ணில் பஞ்சம் வேண்டுமானால் இருக்கலாம், ஊர் பேர் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது சோழ மண்டலத்துக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடிவைத்தான். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தஞ்சையில் எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு நாட்டியக்காரியின் வீட்டு விலாசம் கிடைக்கும் ஊர் இது. இங்கே வந்து பேய்க் கதை எழுத உட்காருகிறவனுக்குக் கற்பனைச் செலவு ரொம்பக் குறைவு.

பேயை ஏமாற்றும் வித்தை

இந்தக் கதையின் முடிவைத் தஞ்சைக்காரர்கள் ஒரு விஷயத்தில் மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். டாக்டர் சன்னி பேயை ஓட்டுவதில்லை. அது கேட்டதைக் கொடுத்துவிட்டதாக அதை நம்பவைக்கிறார். பலிக்கு ஆளை நிறுத்தி, கடைசி நொடியில் பொம்மையை மாற்றி வைக்கிறார். பழி தீர்ந்தது என்று கங்காவின் மனசுக்குள் இருப்பவள் போய்விடுகிறாள். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். தெரியாமல் ஒரு பிராமணனைக் குதிரைக் காலில் மிதித்துக் கொன்ற வரகுண பாண்டியனைப் பிரம்மஹத்தி பிடித்துக்கொண்டது. அவன் கிழக்கு வாசலால் கோயிலுக்குள் போனான். பிரம்மஹத்தி வாசலில் காத்திருந்தது. அவனோ மேற்கு வாசலால் வெளியேறிவிட்டான். இன்றும் தோஷம் கழிக்க வருகிறவர்கள் போன வாசலால் திரும்புவதில்லை. பேயை அடித்து விரட்டாமல் காக்க வைத்துவிட்டு நழுவுகிற இந்தத் தந்திரம் சினிமாவுக்கு முன்பே இங்கே ஸ்தல புராணம்.

இந்தப் படத்தில் மந்திரவாதியும் மனநல மருத்துவரும் கைகோப்பதை அன்று சிலர் கேலி செய்தார்கள். கேலிக்கு அவசியமில்லை. திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு மனம் பிறழ்ந்தவர்களை அழைத்துவந்து 48 நாள் தங்கவைப்பது பல தலைமுறை வழக்கம். இப்போது கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தீர்த்தமும் மாத்திரையும் ஒரே கூரைக்கடியில். இதற்கு நேர்மாறான உதாரணமும் தமிழ்நாட்டில்தான் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். கங்காவை யாரும் சங்கிலியில் கட்டவில்லை. அவள் நோயாளி, குற்றவாளி அல்ல என்று படம் கடைசிவரை பிடிவாதமாகச் சொன்னது. மூலத்தின் பெருமை அங்கேதான். 'சந்திரமுகி' எவ்வளவோ மசாலா சேர்த்தும் அந்தப் பிடிவாதத்தைக் கைவிடவில்லை, அதற்காக பி.வாசுவைப் பாராட்டலாம்.

கைவிட்டது பிறகு நடந்தது. 'பூல் புலையா 2' (2022) வந்தபோது மஞ்சுலிகா நிஜப் பேய் ஆகிவிட்டாள். 2023 செப்டம்பரில் லாரன்ஸும் கங்கனா ரனாவத்தும் நடித்த 'சந்திரமுகி 2' வந்தபோது இங்கேயும் நோயைக் காணோம், ஆவிதான் மிச்சம். முதல் படம் நூறு நிமிஷம் உழைத்து அவிழ்த்த முடிச்சை இரண்டாம் படம் திரும்பப் போட்டுக் கொண்டது.

தலைப்பை மட்டும் எடுத்த படம்

கதையை எடுத்துக்கொண்டு ஊரை விடுவது ஒரு வகை என்றால், தலைப்பை எடுத்துக்கொண்டு கதையை விடுவது இன்னொரு வகை. சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதிய 'கொலையுதிர் காலம்' தமிழின் மிகச் சிறந்த பேய் நாவல்களில் ஒன்று. சுஜாதாவின் வக்கீல் ஜோடியான கணேஷும் வசந்தும் ஓர் எஸ்டேட் வாரிசுப் பெண்ணின் விவகாரத்துக்குப் போகிறார்கள். நடப்பது ஆவியின் வேலையா, ஹோலோகிராம் வித்தையா என்று கடைசிவரை ஊசலாட்டம். 2019-ல் சக்ரி டோலட்டி இயக்கத்தில் நயன்தாரா நடித்து அதே தலைப்பில் படம் வந்தது. ஆனால் அது மைக் ஃப்ளானகன் 2016-ல் எடுத்த 'ஹஷ்' படத்தின் வழித்தோன்றல். காது கேளாத, வாய் பேசாத பெண், தனி வீடு, வெளியே முகமூடிக் கொலைகாரன். கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை. நாவலின் உரிமையை வாங்கி வைத்திருந்ததாகச் சொன்ன இயக்குநர் பாலாஜி கே.குமார் உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை விழுந்தது, பிறகு நீங்கி ஆகஸ்ட் 9-ம் தேதி படம் வந்தது. வசந்தின் ஜோக்கை எதிர்பார்த்துத் தியேட்டருக்குள் போன சுஜாதா வாசகர்களின் நிலைமை பரிதாபம்.

மறுகோடியில் கேரளம் இருக்கிறது. வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' சிறுகதையில் பேய் முகமே காட்டாது. இருட்டு அறை முழுக்க நீல ஒளி பரவுவதோடு சரி. 1964-ல் பஷீரே திரைக்கதை எழுதி ஏ.வின்சென்ட் 'பார்கவி நிலையம்' எடுத்தபோது பார்கவியின் காதலோடு ஒரு கொலையும் முன்கதையாகச் சேர்ந்தது. 2023-ல் ஆஷிக் அபு அதை மறுபடி எடுத்தார், இசையமைப்பாளர் பாபுராஜின் பழைய பாட்டுகளோடு. பழைய படத்தின் காலடியை ஒட்டியே நடந்தார் என்பதுதான் விமர்சகர்கள் சொன்ன குறை. அளவுக்கு மீறிய பக்தியும் மறு ஆக்கத்துக்கு ஆகாது என்பது சரிதான். இருந்தாலும் பஷீரின் வீட்டைத் தேடிப் போனவர் அந்த வீட்டில்தான் தங்கினார்.

நாவலைப் படமாக்குவதில் தஞ்சை மண்ணுக்கு நல்ல முன்னுதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை ஏ.பி.நாகராஜன் 1968-ல் எடுத்தபோது சிக்கல் சண்முகசுந்தரம் சிக்கல்காரராகவே இருந்தார், மோகனாம்பாள் திருவாரூர்க்காரியாகவே இருந்தாள். ஆடியது திருவனந்தபுரத்துப் பத்மினி. அவருக்கு மருமகள் முறையான ஷோபனா கால் நூற்றாண்டு கழித்துத் தஞ்சாவூர்க்காரியாக ஆடினார். இரண்டு பேரும் மலையாள நாட்டிலிருந்து வந்து டெல்டா ஆட்டக்காரிகளுக்கு உயிர் கொடுத்தவர்கள்.

சந்திரமுகிக்கு மூன்றாம் பாகம் எடுக்க யாராவது நினைத்தால், வசனம் எழுத உட்காரும் முன் ஒரு நாள் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போய்வரலாம். தெலுங்கு ஓலைச்சுவடிகள் அங்கே நிறைய இருக்கின்றன. பேய் தெலுங்கே பேசட்டும், ஆட்சேபணையில்லை. அது தஞ்சாவூர்த் தெலுங்காக இருந்தால் போதும்.